முனிக்கு ஒரு நீதி, முட்டைக்கு ஒரு நீதி

தலவாக்கலையை அண்டிய தோட்டமொன்றில், திருவிழாக் காலத்தில், ஒரே நாளில் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்கப்பட்டன.

முதலாவதைக் கேட்டவர் ஓய்வுபெற்ற கவ்வாத்துத் தொழிலாளி ஒருவர். "ஐயா, இந்த வருசம் முனிக்குச் சேவல் அறுத்தா பொலிசு புடிக்குமாங்க?"

இரண்டாவது, லயத்து வாசலில் நின்ற ஒரு தாயின் கேள்வி. வீட்டுக்குப் பத்து என்ற கணக்கில் ஒரு மாத வயதுக் கோழிக்குஞ்சுகளை அமைப்பொன்று அன்று பகிர்ந்தளித்துக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் எட்டிப் பார்த்த அவர், "எல்லாம் பெட்டையா இருக்கே, சேவக்குஞ்செல்லாம் எங்க போச்சு?" என்றார். கொண்டுவந்தவர் சிரித்துச் சமாளித்தார்.

இரண்டும் உண்மையில் ஒரே கேள்வியே என்பது வீடு திரும்பும் வழியில்தான் எனக்கு உறைத்தது. அந்தத் தாய்க்குக் கிடைக்காத விடையை இங்கே எழுதிவிடுகிறேன்.

முட்டைக்கென்றே உருவாக்கப்பட்ட இனங்களில் பொரிக்கும் குஞ்சுகளில் பாதி சேவல். சேவல் முட்டையிடாது. இறைச்சிக்கு வளர்க்கலாமே என்றால், அதற்கும் அது உதவாது. ப்ரொய்லர் கோழி ஆறு வாரத்திற்குள் இரண்டு கிலோவைத் தொட்டுவிடும். முட்டையினச் சேவலோ மூன்று மாதம் தின்றாலும் அந்த எடையை எட்டாது. ஆகவே பொரித்த அன்றே பால் பிரித்து, பெட்டையைப் பெட்டியிலும் சேவலைச் சாவிலும் இடுவது இத்தொழிலின் உலகளாவிய வழமை. சுழலும் கத்திகளுக்குள் உயிரோடு கொட்டுவது ஒரு முறை. காபனீரொட்சைட்டில் மூச்சடக்குவது இன்னொன்று. இவ்வாறு ஆண்டொன்றுக்கு 600 முதல் 700 கோடி வரையான சேவற்குஞ்சுகள் உலகெங்கும் கொல்லப்படுவதாக மதிப்பிடுகின்றனர்.

கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப்பேர்' போடும் கணக்கைத் தோட்டத்து மக்கள் நன்கறிவர். சேவற்குஞ்சுக்கு அந்த அரைப்பேரும் கிடையாது.

இப்போது முதற் கேள்விக்கு வருவோம். 2011 செப்டம்பரில் முன்னேஸ்வரம் பத்திரகாளி கோவிலுக்குப் பலிக்கெனக் கொண்டுவரப்பட்ட விலங்குகளை அமைச்சர் மேர்வின் சில்வா நேரில் சென்று அகற்றினார். 2017 ஒக்டோபரில் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் ஆலயங்களில் மிருகபலிக்குத் தடை விதித்தது. 2018 செப்டம்பரில், இந்து ஆலயங்களில் மிருகங்களையும் பறவைகளையும் பலியிடுவதைத் தடைசெய்யும் சட்டத்தைக் கொண்டுவர அமைச்சரவை இணங்கியது. அந்த முதியவரின் அச்சம் வெறுங்கற்பனையன்று.

நான் பலிக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. எந்தக் கத்தியும் இரக்கமுள்ளதன்று. ஆயினும் ரோதை முனிக்கும் கவ்வாத்துச் சாமிக்கும் நேர்ந்துவிடப்பட்ட சேவல், மாதக்கணக்கில் லயத்து முற்றத்தில் மண் கிளறி, வெயில் காய்ந்து, விடியலில் கூவி வாழ்கிறது. வளர்த்தவர் அதன் முகம் அறிவார். அறுப்பவர் ஊர் பார்க்க அறுக்கிறார். பொரிப்பகத்துச் சேவலோ ஒரு முழுநாள் வாழ்வதில்லை. முன்னதை நிறுத்த அமைச்சர் வருகிறார், நீதிமன்றம் வருகிறது, அமைச்சரவை கூடுகிறது. பின்னதற்காக யார் வந்தார்கள்? ஏழை வெளிச்சத்தில் செய்தால் காட்டுமிராண்டித்தனம். முதலாளி கதவடைத்துச் செய்தால் பொருளாதாரம்! இதுவா ஜீவகாருண்யம்?

நமது விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1907ஆம் ஆண்டினது. கொடுமைக்கு அது விதித்த உச்சத் தண்டப்பணம் 100 ரூபாய்; இன்று இரண்டு மூன்று முட்டை வாங்கும் காசு. 2006இல் சட்ட ஆணைக்குழு வரைந்த புதிய விலங்கு நலச் சட்டமூலம் ஆண்டுக்கணக்கில் உறங்கியது. முட்டைக்காக நாடு அல்லாடிய காலத்திலேனும் இவ்விடயம் பேசப்பட்டதா? 2021இன் இரசாயன உரத்தடையால் சோளம் பொய்த்தது, கோழித்தீனி அருகியது. 2022 ஓகஸ்டில் வெள்ளை முட்டைக்கு 43 ரூபாயும் சிவப்பு முட்டைக்கு 45 ரூபாயும் உச்சவிலையென வர்த்தமானி வந்தது. 2023 மார்ச்சில் இந்திய முட்டை கப்பலேறி வந்தது. விலை, தீனி, டொலர் என அனைத்தும் விவாதிக்கப்பட்டன. அந்தத் தாய் கேட்டதை மட்டும் எவரும் கேட்கவில்லை.

"முட்டை விலையை ஏற்றப் பார்க்கிறீரா? தோட்டத்துப் பிள்ளைக்கு அது ஒன்றுதானே சத்துணவு?" என்பார் சிலர். மெத்தனமாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று இது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். அப்பிள்ளையின் கையிலிருந்து முட்டையைப் பறிக்கும் அறம் எனக்கு வேண்டாம்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு பெட்டை ஆண்டுக்கு ஏறத்தாழ 300 முட்டை இடுகிறது. ஒரு சேவற்குஞ்சைக் கொல்லாதிருக்க 300 ரூபாய் செலவு என்றே வைத்துக்கொண்டாலும், முட்டைக்கு ஒரு ரூபாய்தான்! ஜேர்மனி 2022 ஜனவரி 1 முதல் இக்கொலையைத் தடைசெய்தது. பிரான்ஸ் 2023 தொடக்கத்திலிருந்து சில விதிவிலக்குகளுடன் தடுத்தது. குஞ்சு பொரிக்குமுன்பே முட்டைக்குள் பால் அறியும் தொழில்நுட்பம் அங்கே வந்துவிட்டது. அதனால் முட்டைக்குக் கூடிய செலவு ஒன்றிரண்டு யூரோ சதம். சில பொரிப்பகங்கள் எல்லைக்கு அப்பால் நகர்ந்ததும் உண்மை. சட்டம் எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. எனினும் 'வேறு வழியே இல்லை' என்ற வாதம் அன்றோடு செத்தது.

அந்த ஒரு ரூபாயைத் தோட்டத்துத் தாயின் மடியில் ஏற்றத் தேவையில்லை. நட்சத்திர விடுதிகளும் கேக் தொழிற்சாலைகளும் அதனைச் சுமக்கட்டும். பாடசாலைப் பிள்ளையின் முட்டைக்கு அரசு கொடுக்கட்டும். புதிய இயந்திரம் நாளைக்கே வராது என்பதை அறிவேன். இன்றைக்கே செய்யக்கூடியவை இரண்டு உண்டு. ஒவ்வொரு பொரிப்பகமும் ஆண்டுக்கு எத்தனை சேவற்குஞ்சுகளை, எம்முறையில் கொல்கிறது என்பதைப் பகிரங்கப்படுத்தச் சட்டம் பணிக்கட்டும். லயத்துக்குக் குஞ்சு கொடுப்போர், சேவலும் வளர்ந்து பயன்தரும் நாட்டினங்களையும் கொடுக்கட்டும். முட்டை குறையலாம், ஆனால் தீனிக்குக் கப்பலைக் காத்திராது, முற்றத்தில் மேய்ந்து வளரும் கோழி அது.

அந்த முதியவருக்கு அன்று நான், "சட்டம் என்ன சொல்லுமோ, பார்த்துச் செய்யுங்கள்" என்று மழுப்பிவிட்டு வந்தேன். பொலிஸ் அவர் வாசலுக்கு வருமானால், அதற்கு முன்பு ஒரு பொரிப்பகத்தின் கதவையாவது தட்டிவிட்டு வரட்டும்.