எல்லாருக்கும் ‘நன்று’ போட்ட கை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் குண்டடத்தில் வீட்டுக்கு வந்தார். பெயர் வேண்டாம்; அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். திருப்பூர் பனியன் கம்பெனியில் பவர்டேபிள் டெய்லர். மகன் எட்டாம் வகுப்பு, அருமையாக ஓடுவான். ராணுவத்தின் பாய்ஸ் ஸ்போர்ட்ஸ் கம்பெனித் தேர்வுக்குப் போகப் போகிறான். 14 வயதுக்குட்பட்ட பையன்களைச் சேர்த்து, தங்க வைத்து, படிப்பும் பயிற்சியும் கொடுக்கும் திட்டம் அது.

“நன்னடத்தைச் சான்றுதாங்க சார் பிரச்சனை. ‘நன்று’ன்னு போட ஹெச்.எம். யோசிக்கிறாருங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாருங்க” என்றார்.

விஷயம் இதுதான். பையன் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனை அடித்ததில் கை எலும்பு முறிந்துவிட்டது. “விளையாடுற பையனுங்க, கொஞ்சம் துடுக்கு. அதுக்காக அவன் எதிர்காலத்தைக் கெடுக்கலாமுங்களா சார்?”

சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. காரணம், இதே தப்பை நானே செய்திருக்கிறேன்.

தொண்ணூறுகளில் எங்கள் பள்ளிக் கபடி அணியில் ஒரு கெட்டிக்காரப் பையன். குறுவட்டப் போட்டிக்கு இரண்டு நாள் முன்பு, தன் வகுப்புப் பையன் ஒருவனைப் போட்டு அடித்துவிட்டான். விசாரித்தால் போட்டிக்கு அனுப்ப முடியாது. “அப்புறம் பார்த்துக்கலாம் போ கண்ணு” என்று அடிபட்டவனை அனுப்பிவிட்டேன். ஷீல்டு வந்தது. ‘அப்புறம்’ வரவே இல்லை. அந்த வருஷமே அடிபட்டவன் பள்ளியை விட்டு பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். அடித்தவனின் மாற்றுச் சான்றிதழில் ‘நடத்தை: நன்று’ என்று எழுதியதும் இதே கைதான்.

விளையாட்டு வீரர்களுக்குச் சலுகை கூடாது என்று நான் சொல்லவே மாட்டேன். தயான்சந்த் 1922-இல் சாதாரண சிப்பாயாகச் சேர்ந்தவர். நீரஜ் சோப்ராவை 2016-இல் ராணுவம் நேரடியாக நாயப் சுபேதாராக எடுத்தது. நம் தமிழக அரசு வேலைகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. வெயிலில் ஓடுகிற ஏழைப் பிள்ளைக்கு இது நியாயமான வழி. மதிப்பெண்ணில் தளர்த்துங்கள், வருகைப் பதிவில் தளர்த்துங்கள், தேர்வை இன்னொரு நாள் வையுங்கள். ஆனால் குணத்தில் தளர்த்தாதீர்கள்.

தளர்த்தினால் என்ன ஆகும்? சுஷில் குமாரைப் பாருங்கள். 2008 பெய்ஜிங்கில் வெண்கலம், 2012 லண்டனில் வெள்ளி. ரயில்வேயில் வேலை. 2021 மே மாதம் டெல்லி சத்ரசால் மைதானத்தில் இளம் மல்யுத்த வீரர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்ட வழக்கில் கைதானார். ரயில்வே சஸ்பெண்ட் செய்தது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவருடைய ஜாமீனையும் ரத்து செய்தது. குற்றம் செய்தாரா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் பதக்கம் வாங்கியவரும் சட்டத்தின் முன்னால் மற்றவர்களைப் போலத்தான் நிற்க வேண்டும். அதை எட்டாம் வகுப்பிலேயே கற்றுக்கொடுப்பது நம் வேலையல்லவா?

இன்னொன்று. அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் 1951-இல் தேர்வு மோசடிக்காக 90 மாணவர்களை வெளியேற்றினார்கள். அதில் அவர்களுடைய பிரபலமான கால்பந்து அணியினர் பலர். பயிற்சியாளரின் சொந்த மகனும் ஒருவர். அந்த வருஷம் அணி 9 ஆட்டங்களில் 2-இல்தான் ஜெயித்தது. ஆனால் அழிந்துபோகவில்லை. அதே பயிற்சியாளரின் கீழ் 1958-இல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் முடித்தது. நேர்மைக்கு விலை உண்டு. அதைக் கொடுத்தால் மீண்டு வரலாம்.

“பணக்காரப் பையன் தப்புச் செய்தால் மூடி மறைக்கிறார்கள். என் மகனுக்கு மட்டும் நியாயமா?” என்று நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. அடிபட்டவனும் ஏழைப் பையன்தானே, அவனுக்கு யார் பேசுவது என்று திருப்பிக் கேட்டேன். பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

13 வயதில் செய்த தப்பு ஆயுள் தண்டனை ஆகக் கூடாது என்பதும் உண்மை. அதனால் ஹெச்.எம்.மிடம் ‘நன்று’ போடச் சொல்லி நான் பேசவில்லை. வேறொன்று சொன்னேன்: “பையனைக் கூட்டிக்கிட்டு அந்த வீட்டுக்குப் போங்க. மன்னிப்புக் கேக்கட்டும். ஆஸ்பத்திரிச் செலவு என்னன்னு கேட்டுக் கொடுங்க. அப்புறம் நடந்ததையும், திருந்தினதையும் சேர்த்தே ஹெச்.எம்.மை எழுதச் சொல்லுங்க.” இதனால் வாய்ப்பு கைநழுவிப் போகலாம். அது தெரிந்தேதான் சொன்னேன். இரண்டு நாள் கழித்து மகனோடு போய்விட்டு வந்ததாகப் போனில் சொன்னார். தேர்வு இனிமேல்தான்.

என் மாணவர்களில் பலர் இன்று ஆசிரியர்கள். ஒரு வேண்டுகோள்: எல்லாருக்கும் ‘நன்று’ போட்டால் அந்த வார்த்தைக்கு மதிப்பில்லை. எழுதும் முன் ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

அன்று அடிபட்ட தம்பி இதைப் படித்தால்: அன்றைக்கு உன் பக்கம் நிற்காதது என் தப்பு. மன்னித்துக்கொள் சாமி. முடிந்தால் ஒரு போன் பண்ணு.

வாழ்க வளமுடன்.