நாணயத்துக்கு ஞாபகம் கிடையாது

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

2023 நவம்பர் 19 அகமதாபாத் உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் தொடங்கி 2025 டிசம்பர் 3 ராய்ப்பூர் வரை, ஒருநாள் போட்டிகளில் இந்திய அணி தொடர்ந்து 20 முறை டாஸ் தோற்றது. (நடுவில் ஐந்து டாஸையும் தோற்று சாம்பியன்ஸ் டிராபியை வாங்கினார்கள், அது வேறு கதை.) அப்போது எங்கள் திருத்தணி டீக்கடையில் தமிழிலும் தெலுங்கிலும் ஒரே பேச்சு: "இவ்வளவு தடவை தோத்தாச்சு, இந்தத் தடவை நமக்குத்தான் விழணும் சார்." பூவா தலையா என்றாலும் பொம்மா பொருசா என்றாலும் இந்தப் பேச்சு தப்பு. படித்தவர்களே பேசுவதுதான் எனக்குக் கோபம்.

தொடர்ந்து இருபது தோற்க வாய்ப்பு எவ்வளவு? இரண்டை இருபது தடவை எழுதிப் பெருக்குங்கள். 10,48,576-ல் ஒன்று. சரி, 19 தோற்ற பிறகு இருபதாவதைத் தோற்க? பாதிக்குப் பாதி. போன 19-ம் உண்டியலில் விழுந்த காசு, திரும்பி வந்து கணக்குக் கேட்காது.

"போகப் போக சரிபாதி ஆகிவிடுமே?" என்பார்கள். எப்படி ஆகிறது என்று பாருங்கள். முதல் 20-ம் தலை. அடுத்த 10,000-ல் சரியாக 5,000 தலை. மொத்தம் 10,020-ல் 5,020, அதாவது 50.1 சதவீதம். அந்த இருபதை யாரும் ஈடுகட்டவில்லை, பெரிய எண்ணில் கரைந்துபோனது. அவ்வளவுதான்.

இது டீக்கடைப் பேச்சோடு நின்றால் நான் எழுதவே மாட்டேன். டாஸுக்குப் பந்தயம் கட்டுகிறார்கள். நூறு ரூபாய், தோற்றால் இருநூறு, பிறகு நானூறு. "ஒரு தடவை விழுந்தா எல்லாம் வந்துடும்." பத்து தோற்றால் போனது 1,02,300 ரூபாய். இருபது தோற்றால் பத்துக் கோடியே நாற்பத்தெட்டு லட்சத்துக்கு மேல். அதற்கும் பணம் இருந்து 21-வதில் ஜெயித்தால் நிகர லாபம் எவ்வளவு தெரியுமா? அதே நூறு ரூபாய்! என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் இந்தக் கணக்கில்தான் மனைவியின் கம்மலை அடகு வைத்தான்.

2003-ல் லாட்டரியை ஒழித்தோம். 2022-ல் ஆன்லைன் சூதாட்டத் தடை மசோதாவைச் சட்டசபையில் நிறைவேற்றினோம். கணக்கை மட்டும் சொல்லித்தரவில்லை. பத்தாம் வகுப்பில் புள்ளியியலும் நிகழ்தகவும் கடைசிப் பாடம். கூறுவெளி எழுது, ஃபார்முலா போடு, மார்க் வாங்கு. நாணயத்தைக் கையில் எடுத்துச் சுண்டிய பிள்ளைகள் எத்தனை பேர்?

நான் பட்டதாரி ஆசிரியர் இல்லை, இடைநிலை ஆசிரியர். ஐந்தாம் வகுப்பிலேயே செய்திருக்கிறேன். 32 பிள்ளைகள் எழுந்து நிற்க வேண்டும், ஆளுக்கு ஒரு நாணயம். பூ விழுந்தவர்கள் உட்கார வேண்டும். ஐந்து சுற்று முடிந்தால் ஒருவரோ இருவரோ நிற்பார்கள், சில நாள் யாருமே இல்லை. நிற்கிற பிள்ளைக்குக் கைராசி என்று வகுப்பே கத்தும். "அப்படியா? இன்னொரு தடவை சுண்டு பார்ப்போம்" என்பேன். அங்கேதான் பாடம் ஆரம்பிக்கும்.

இதற்கு ஸ்மார்ட் போர்டு வேண்டாம், அரை மணி நேரம் போதும். பணியில் இருக்கும் ஆசிரியர்கள் இந்த வாரம் செய்து பாருங்கள். எத்தனை பேர் நின்றார்கள் என்று கீழே எழுதுங்கள்.