சிவப்பு உதிர்ந்தால் செடி செத்துவிடாது

பொங்கல் கழிந்த மறுவாரம் எங்கள் தெருக் குப்பைத்தொட்டியைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். கிறிஸ்துமஸுக்கு வாங்கிய பாயின்செட்டியாச் செடிகள், சுற்றிய தங்கநிறத் தாள்கூடக் கழற்றப்படாமல் கிடக்கும். பாளையங்கோட்டை ஊசிக்கோபுர ஆலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களில், டிசம்பரில் வாசலுக்கு வாசல் அழகாக நின்ற செடிகள். இலை கொட்டியிருக்கும்; ஆனால் தண்டை நகத்தால் கீறினால் பச்சை தெரியும், பால் வடியும். உயிரோடு இருப்பதைத்தான் எறிகிறோம்.

முதல் வருஷம் நானும் ஒரு செடியைச் சாகவிட்டேன். வாடுகிறதே என்று தினமும் தண்ணீர் ஊற்றினேன். அது தாளுக்குள் தேங்கி வேர் அழுகிப்போனது. அம்மான் பச்சரிசி, திருகுகள்ளி இவற்றின் இனத்தைச் சேர்ந்தது இந்தச் செடி என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் காலில் ஈரம் நிற்க விட்டிருக்க மாட்டேன்.

சிவப்பாக இருப்பது பூ அல்ல, இலை. நடுவில் மஞ்சளாக மணிமணியாக இருப்பதே பூ. அது உதிர்ந்ததும் சிவப்பிலைக்கு வேலை முடிந்தது. மாசியில் வேம்பு இலை உதிர்க்கிறது என்று மரத்தையா வெட்டுகிறோம்?

இதன் சொந்த ஊர் மெக்சிகோ. அங்கே காட்டில் பத்துப் பன்னிரண்டு அடி வளரும். 1820களில் அமெரிக்கத் தூதராக அங்கே இருந்த ஜோயல் பாயின்செட் தன் நாட்டுக்கு அனுப்பியதால் அவர் பெயரே ஒட்டிக்கொண்டது. உறைபனி விழும் ஊரில் வெளியே வைத்தால் கருகிவிடும். அதனால் பண்டிகை முடிந்ததும் தூரப் போடுகிறார்கள். தாமிரபரணிக் கரையில் உறைபனி ஏது? அந்தப் பழக்கம் நமக்கு எதற்கு?

என் வீட்டில் நிற்பது ஐந்தாவது வருஷச் செடி. மாசிக் கடைசியில் ஒரு சாண் விட்டு வெட்டிவிடுவேன். பால் தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும், கண்ணில் படவே கூடாது, கையுறை நல்லது. செம்மண்ணும் மணலும் மக்கிய சாணமும் கலந்து கிழக்குச் சுவரோரம் நட்டேன். காலை வெயில் போதும். சித்திரை, வைகாசி உச்சிவெயில் படாமல் முருங்கை நிழல் காக்கிறது. மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர். துளிர்கள் நீளும்போது நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வெடிக்கும். ஆடி முடிந்தபின் கிள்ளுவதை நிறுத்திவிட வேண்டும்.

அதற்கப்புறம் அது கேட்பது இருட்டு. இரவு நீண்டால்தான் இலை சிவக்கும். நம் பழைய நீண்டகால நெல் ரகங்களும் இரவு நீளும் பருவம் பார்த்துத்தானே கதிர் வாங்கின? பிசானப் பருவ நெல் பயிரிட்ட குடும்பங்களுக்கு இது புதிதல்ல. மூன்றாம் வருஷம் எங்கள் சுவருக்கு வெளியே தெருவிளக்கு வந்தது. வீட்டுப் பக்கக் கிளைகள் சிவந்தன. விளக்கு பட்ட கிளைகள் கார்த்திகை முடிந்தும் பச்சையாகவே நின்றன. மறுவருஷம் புரட்டாசியிலிருந்து மாலை ஆறு மணிக்குச் சாக்குப் படுதா கட்டி, காலையில் அவிழ்த்தேன். எல்லாப் பக்கமும் சிவந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் ஊர் ஐப்பசி இரவிலும் புழுக்கம் உண்டு. புழுக்கம் சிவப்பைத் தாமதப்படுத்தும். டிசம்பர் 25 தவறி, சில வருஷம் பொங்கலுக்குத்தான் நிறம் கூடியது. கடையில் வாங்கும்போது இருந்த குட்டைச் செடியும் திரும்ப வராது; மருந்து தெளித்துக் குறுக்கிய உயரம் அது. மண்ணில் இறங்கியதும் தன் இயல்புக்கு ஓங்கும். எனக்கு அந்த ஓங்கிய செடிதான் அழகு.

நம் வட்டாரத்து ஆலயங்களில் பீடத்தைச் சுற்றி வரிசையாக இந்தத் தொட்டிகளை வைக்கிறோம். குருவானவர்களையும் சபை இளைஞர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: ஜனவரியில் அவற்றைச் சேர்த்து, சுற்றுச்சுவரோரம், விளக்கு படாத பக்கமாக நட்டுவிடுங்கள். வெட்டும் குச்சிகளையும் வீசாதீர்கள். பால் நின்றதும் மணலில் ஊன்றினால் வேர் பிடிக்கும். பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கலாம்.

வீட்டில் செடி வைத்திருப்பவர்கள் குப்பைக்கு எடுத்துப் போகுமுன் தண்டில் ஒரு கீறல் கீறிப் பாருங்கள். பச்சை இருந்தால் தாளைக் கழற்றி மண்ணில் வையுங்கள்.