ஒப்பந்தம் ரத்து, உயிர்கள் யார் கணக்கில்?

2024 நவம்பர் 2, சனிக்கிழமை பிற்பகல். கேரளத்தில் ஷொரணூர் அருகே பாரதப்புழைப் பாலத்தில், தண்டவாளக் குப்பையை அகற்றும் வேலைக்குப் போன நால்வர் மீது கேரளா எக்ஸ்பிரஸ் மோதியது. இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள். நால்வரும் சேலம் மாவட்டத்துக்காரர்கள். ஒருவர் உடலை ஆற்றில் தேடி எடுக்க வேண்டியிருந்தது.

பெங்களூரில் பிழைக்கும் நமக்கு இது அயலூர்ச் செய்தி அல்ல. சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை என்று சொன்னால் நம் தெருவில் பாதி வீடு வந்துவிடும். கன்டோன்மென்ட்–ஒயிட்ஃபீல்டு கூடுதல் பாதை, பையப்பனஹள்ளி–ஓசூர் இரட்டைப் பாதை, புறநகர் ரயில் என்று அண்மை ஆண்டுகளில் இந்நகரில் எடுக்கப்பட்ட வேலைகள் எல்லாம் வண்டி ஓடும் பாதையை ஒட்டியே நடக்கிறவை. வண்டி நிற்காது, வேலையும் நிற்காது. நடுவில் நிற்பவர் நம் ஆள். இல்லையென்றால் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த, நம்மைப் போன்ற இன்னொருவர்.

ஷொரணூரில் ரயில்வே என்ன செய்தது? துப்புரவு ஒப்பந்தத்தை ரத்து செய்தது. பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யவில்லை என்று காண்டிராக்டரைச் சுட்டியது. அவர் மீது வழக்கும் வந்தது. வரட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஒரு கேள்வி. பாலம் காண்டிராக்டருடையதா? தண்டவாளம் அவருடையதா? எந்த வண்டி எப்போது அந்தப் பாலத்துக்கு வரும் என்பது குப்பை பொறுக்குகிறவருக்குத் தெரியுமா, ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியுமா? தெரிந்தவர் சொல்ல வேண்டும். இல்லையென்றால் தெரியாதவரைப் பாதைக்கு அனுப்பக் கூடாது.

நான் ரயில்வேயில் குமாஸ்தா. எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன், இஞ்சினீயர் அல்ல. ஆனால் விதிப்புத்தகம் வாசிக்கத் தெரியும். ரயில்வேயின் நிரந்தரப் பாதைக் கையேட்டில் காண்டிராக்டர் வேலைக்கென்றே விதி எழுதி வைத்திருக்கிறார்கள். ரயில்வே மேற்பார்வையாளர் இடத்தில் இல்லாமல் காண்டிராக்டர் வேலையைத் தொடங்கக் கூடாது. காண்டிராக்டரின் மேற்பார்வையாளருக்கு உதவிப் பொறியாளர் தகுதிச் சான்று கொடுத்திருக்க வேண்டும். அந்தச் சான்று அந்த ஒரு வேலைக்கு மட்டுமே செல்லும். லாரியும் இயந்திரமும் ஓடும் எல்லையைக் கோடு போட்டுக் காட்ட வேண்டும். வேலை நடக்கும் இடத்தில் விசில் ஊதிக் கவனமாக வரும்படி வண்டி ஓட்டுகிறவருக்குக் காஷன் ஆர்டர் தர வேண்டும். தேவைப்பட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும். கொடிக்காரரை நிறுத்த வேண்டும். ஆட்களுக்குப் பாதுகாப்பைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டும்.

நல்ல விதி. ஒரு குறையும் சொல்ல மாட்டேன். குப்பை பொறுக்குவது பாதை வேலை ஆகாதே என்று யாராவது வாதம் பேசலாம். இஞ்சின் அந்த வித்தியாசம் பார்ப்பதில்லை.

பிறகு ஏன் சாகிறார்கள்? “கவனக்குறைவு” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு வினாடியில் 28 மீட்டர் கடக்கிறது. மின்சார இஞ்சினுக்குப் பழைய நீராவி இஞ்சினின் இரைச்சல் கிடையாது. பக்கத்தில் ஜல்லி இயந்திரம் ஓடினால் காதில் வேறொன்றும் விழாது. இரட்டைப் பாதையில் ஒரு வண்டிக்கு ஒதுங்கி அடுத்த பாதையில் கால் வைத்தவர், அங்கே வரும் வண்டியில் அடிபடுகிறார். பாலத்தின் மேல் ஒதுங்கவே இடம் தேட வேண்டும். குனிந்து வேலை செய்கிறவர் எப்படிக் கவனிப்பார்? அதனால்தான் நிமிர்ந்து நின்று பாதையை மட்டுமே பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்கிறோம். அந்த ஆளுக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது.

அந்த ஆள்தான் முதலில் காணாமல் போகிறார். எப்படியென்று என் மேஜையிலிருந்து சொல்கிறேன். டெண்டரில் குறைந்த விலை சொன்னவருக்கு வேலை. மதிப்பீட்டுக்கு இத்தனை சதவீதம் குறைவு என்று எழுதிக் கொடுத்து வேலையைப் பிடிக்கிறார். பிடித்த பின் எதில் மிச்சம் பிடிப்பார்? ஜல்லியை அளந்து பார்க்கிறார்கள். சிமெண்டுக்குச் சோதனை உண்டு. தண்டவாளத்தை ஒளிக்க முடியாது. காவல் நிற்கும் கண்ணுக்கு மட்டும் அளவுப் புத்தகத்தில் பத்தி இல்லை. நான் பார்த்த பில்களில் கனமீட்டர் கண்டேன், டன் கண்டேன். “எச்சரிக்கை ஆள், இத்தனை நாள்” என்று ஒரு வரி கண்டதில்லை. பில்லில் இல்லாத ஆளைக் காண்டிராக்டர் எந்தப் பணத்தில் வைப்பார்? வைப்பதாகச் சொல்வார், மேஸ்திரியையே கையில் சிவப்புத் துணியோடு நிற்கச் சொல்வார். பத்து நிமிஷத்தில் மேஸ்திரியும் கடப்பாரை பிடிப்பார்.

ஆகவே நம் கோரிக்கை ஹெல்மெட்டோடும் ஆரஞ்சுச் சட்டையோடும் நிற்கக் கூடாது. சட்டை போட்டிருந்தால் பிணத்தை அடையாளம் காண்பது எளிது, அவ்வளவுதான். எச்சரிக்கை ஆளின் கூலி டெண்டரில் தனி இனமாக இருக்க வேண்டும். அந்த இனத்தில் தள்ளுபடி சொல்ல எந்தக் காண்டிராக்டருக்கும் உரிமை இருக்கக் கூடாது. ஒவ்வொரு நாளும் அவர் பெயரையும் நின்ற நேரத்தையும் எழுதி ரயில்வே மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாத நாளுக்கு மொத்த வேலைக்கும் பில் பாஸ் ஆகக் கூடாது. பணம் நின்றால் ஒரே வாரத்தில் ஆள் வந்து நிற்பார் பாருங்கள்!

செலவு கூடும் என்பார்கள். கூடட்டும். அனில் ககோட்கர் தலைமையிலான உயர்மட்டப் பாதுகாப்புக் குழு 2012-ல் தந்த அறிக்கையைப் பாருங்கள். 2007-08 முதல் 2011 அக்டோபர் வரை பணியின்போது இறந்த ரயில்வே ஊழியர் சுமார் 1,600 பேர். காயமடைந்தவர் 8,700 பேர். விதி படித்தவர்களுக்கு, சங்கம் உள்ளவர்களுக்கே இந்தக் கதி என்றால், நேற்று ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து இன்று பாதையில் இறங்குகிறவர் கதி என்ன?

இனி குடும்பத்துக்கு வர வேண்டியதைப் பற்றி. ஷொரணூரில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தமிழக முதலமைச்சர் தலா 3 லட்சம் ரூபாய் அறிவித்தார். அது கருணைத் தொகை. சட்டப்படியான நஷ்டஈடு அது அல்ல. அன்று நடப்பில் இருந்த 1923-ஆம் வருடச் சட்டப்படி கணக்குப் போடுவோம். இறந்தவருக்கு வயது 40, மாதக் கூலி 15,000 ரூபாய். கூலியில் பாதி 7,500. அந்த வயதுக்குரிய எண் 184.17. பெருக்கினால் 13,81,275 ரூபாய். அந்தச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, காண்டிராக்டரிடம் வேலையை விட்ட முதலாளியிடமே இந்தப் பணத்தைக் கேட்கலாம் என்றது. முதலாளி கொடுத்துவிட்டுக் காண்டிராக்டரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். அது அவர்கள் இருவர் கணக்கு. 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த ஏற்பாடு இருக்கிறது. விபத்து நடந்த ஊருக்கு அலைய வேண்டியதில்லை. தான் குடியிருக்கும் இடத்திலிருந்தே குடும்பம் மனுப் போட வழி உண்டு. ஈ.எஸ்.ஐ.யில் பதிந்திருந்தால் மாதா மாதம் உதவித் தொகை பெறுவது தனி வழி.

இதற்கெல்லாம் அத்தாட்சி வேண்டும். அங்கேதான் நாம் தோற்கிறோம். வேலைக்குப் போகிறவர் எந்தக் காண்டிராக்டரிடம் போகிறார், மேஸ்திரி யார், எந்த இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே வேலை, தினக்கூலி எவ்வளவு என்பதை வீட்டுக் காலண்டரிலாவது எழுதி வையுங்கள், தாய்மார்களே. கூலி வந்த சீட்டையும் பாங்குக் குறுஞ்செய்தியையும் அழிக்காதீர்கள். பாதையில் இறங்குமுன் மேஸ்திரியிடம் கேட்கச் சொல்லுங்கள்: ரயில்வே ஆள் எங்கே, கொடி யார் கையில், எந்தப் பக்கம் ஒதுங்குவது? பதில் வராவிட்டால் தனியாக மறுக்காமல் கும்பலாக மறுக்கட்டும். ஒருவரை நிறுத்திவிட்டு இன்னொருவரைக் கூப்பிடுவது மேஸ்திரிக்குச் சுலபம், இருபது பேரை நிறுத்துவது சுலபமில்லை.

விபத்து நடந்துவிட்டால், ஆஸ்பத்திரி வாசலிலேயே ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ கையில் திணித்து ஒரு தாளை நீட்டுவார்கள். அழுகிற நேரத்தில் வாசிக்கத் தோன்றாது. பணத்தைச் சாவுச் செலவுக்கு வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்குமுன் சங்கத்துக்கு ஆள் அனுப்புங்கள், இரவானாலும் வருவோம்.