இடம்பெயரும் முன் ஒரு பிரதி

சிற்றிதழ்களின் பழைய பக்கங்களை ஒளிவருடிச் சேர்த்துவைத்திருக்கும் எங்கள் வழங்கியை, நண்பர் வீட்டு மாடியறையிலிருந்து வாடகைத் தரவு மையம் ஒன்றுக்கு மாற்றவிருக்கிறோம். மின்வெட்டும் வெக்கையும் இனி நம் கவலையல்ல, தனியே காப்புப் பிரதி எடுக்கும் செலவும் மிச்சம் என்று நண்பர்கள் சிலர் கருதுகிறார்கள். இக்கருத்து எங்களுக்கு உடன்பாடன்று.

2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் ஐந்து மாடித் தரவு மையம் எரிந்து அழிந்தது. மூலத்தையும் பிரதியையும் அங்கேயே வைத்திருந்தவர்கள் இரண்டையும் ஒருசேர இழந்தார்கள். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜோன் நகரில், அரசுத் தரவு மையத்தில் யூபிஎஸ்ஸின் லித்தியம் மின்கலங்களை இடம் மாற்றும் பணியின்போது தீப்பற்றியது. அரசு ஊழியர்களின் கோப்புகள் 858 டெராபைட் அளவுக்கு அழிந்தன. அவற்றுக்கு வெளியிடத்தில் பிரதி இல்லை. அளவு மிகப் பெரியது என்பதே சொல்லப்பட்ட காரணம். மின்சாரம் தடைபடாதிருக்க வைத்த பொருளே தீக்கு வித்தாயிற்று.

மின்சாரத்தின் கதையும் இத்தகையதே. 2012 அக்டோபரில் சாண்டிப் புயலின்போது நியூயார்க்கின் தரவு மையம் ஒன்றில் ஜெனரேட்டர் மேல்மாடியில் பத்திரமாக இருந்தது. எண்ணெய் ஏற்றும் பம்போ நிலவறையில் மூழ்கிவிட்டது. ஊழியர்கள் 17 மாடிகள் வாளிகளில் டீசல் சுமந்தார்கள். ஆகவே, 'ஜெனரேட்டர் உண்டா?' என்று கேட்பது போதாது. எண்ணெய் எவ்வழியே வருகிறது, எத்தனை மணி நேரத்துக்கு இருப்பு உண்டு, வழங்கிக்கு வரும் இரண்டு மின்வழிகளும் உண்மையிலேயே வெவ்வேறா, ஒன்று அறுந்தால் மற்றது முழுச் சுமையையும் தாங்குமா என்றும் கேட்க வேண்டும்.

இடம்பெயர்க்கும் நாளுக்கே உரிய ஆபத்தும் உண்டு. ஆண்டுக்கணக்கில் நில்லாமல் சுழன்ற வன்தட்டு, ஒருமுறை நிறுத்திக் குளிர்ந்தபின் மறுபடி சுழல மறுப்பது அனுபவஸ்தர்கள் அறிந்ததே. ஆகவே அணைப்பதற்கு முன்பே இரண்டு முழுப் பிரதிகள் வேண்டும். ஒன்று வேறோர் ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மற்றது வழங்கியோடு ஒரே வண்டியில் பயணிக்கலாகாது. இரண்டையும் வேறொரு கணினியில் மீட்டு, பக்கங்களைத் திறந்து படித்துப் பார்க்க வேண்டும். மீட்டுப் பார்க்காத பிரதியை நம்புவதற்கில்லை.

இலக்கிய வாசகர்களுக்கு இது புதிய பாடமன்று. உ.வே.சாமிநாதையர் சுவடி தேடி ஊர் ஊராக அலைந்தது எதற்கு? ஓர் ஏட்டில் சிதைந்த வரியை வேறோர் ஊரின் ஏடு காத்துவைத்திருக்கலாம் என்பதற்காகத்தானே. நாங்கள் சேர்த்த இதழ்களில் சிலவற்றின் அச்சுப்படிகளை எங்களால் மறுபடி காண முடியவில்லை. வாடகையைக் குறைத்து எளிய இடத்தை எடுத்தேனும் வெளியூர்ப் பிரதிக்குப் பணம் ஒதுக்குவோம். அப்பிரதி ஒருமுறை மீட்டுப் படிக்கப்படும்வரை, வழங்கியை அணைக்க நாங்கள் சம்மதியோம்.