சூடும் அல்ல, சாபமும் அல்ல

நண்பர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய மகனுக்கு ஆறு மாதமாக மலத்தோடு ரத்தம் போகிறது. நாளைக்கு எட்டு முறை, பத்து முறை. பையன் பிழிந்த கரும்புச் சக்கையாகக் கிடந்தான்.

"எல்லாம் உடம்புச் சூடு சார்! ராத்திரி கண் விழிக்கிறான். கண்ட ஓட்டலில் தின்கிறான். மூலம் வராமல் என்ன செய்யும்?" என்றார் தகப்பனார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் குனிவுதான் என்னைச் சுட்டது.

வியாதியின் பெயர் தெரியாவிட்டால் வியாதிக்காரன் மீது குற்றப்பத்திரிகை படிப்பது நம் வழக்கம். படிக்காதவர்கள்தான் இப்படி என்று எண்ணாதீர்கள். 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிகாகோ மனோதத்துவ நிபுணர் ஃபிரான்ஸ் அலெக்சாண்டர், பெருங்குடல் புண்ணை மனப் போராட்டத்தோடு பிணைந்த ஏழு வியாதிகளில் ஒன்றாகக் கருதினார். நாம் சூடு என்றோம். அவர் மனம் என்றார். இரண்டு விரல்களும் நீண்டது நோயாளியை நோக்கித்தான்!

1955-ல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ட்ரூலவும் விட்ஸும் 210 நோயாளிகளிடம் சோதித்து, கார்ட்டிசோன் அந்தப் புண்ணை அடக்கும் என்று காட்டினார்கள். பழி சொல்வதை விட்டுக் குடலைக் கவனித்ததன் பலன் அது.

உண்மையில் நடப்பது என்ன? வேலியே பயிரை மேய்ந்த கதைதான். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, குடலில் வாழும் கிருமிகள் மீது நிதானம் தவறிப் பாய்ந்து, குடலையே புண்ணாக்குகிறது. பரம்பரைக்குப் பங்குண்டு, சூழ்நிலைக்கும் உண்டு. கவலை நோயைக் கிளறலாம். ஆனால் ஒற்றைக் காரணம் கிடையாது.

ஆகவே ஊகம் உதவாது. குழாய் விட்டுப் பார்த்து, சதைத் துணுக்கெடுத்துச் சோதிக்க வேண்டும். நம் நாட்டில் குடல் காசநோயும் குரோன் நோய் போலவே வேஷம் போடும். காசநோய்க்காரனுக்கு ஆள் தெரியாமல் ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் ஆபத்து!

பெருங்குடல் புண் என்று தெரிந்தால் மெசலமின் மாத்திரை இருக்கிறது. நோய் சீறும்போது அடக்கக் கொஞ்ச காலம் ஸ்டீராய்டு. அதற்கும் மசியாவிட்டால் எதிர்ப்புச் சக்தியைக் கட்டுப்படுத்தும் மருந்துகள், ஊசிகள். கடைசியில் அறுவைச் சிகிச்சை. ரத்தம் நின்றதும் மருந்தைத் தாமாக நிறுத்துகிறவர்கள் நோயை மறுபடி விருந்துக்கு அழைக்கிறார்கள். 'ஒரே மண்டலத்தில் பூரண குணம்' என்று விளம்பரம் செய்பவனோ, உங்கள் பணத்துக்குத்தான் வைத்தியம் பார்க்கிறான்.

நண்பரிடம் சொன்னேன்: "நாளைக்கே குடல் நோய் நிபுணரிடம் அழைத்துப் போங்கள். அதற்கு முன் இன்று ராத்திரியே ஒரு வைத்தியம் செய்யுங்கள். 'உன்மேல் தப்பில்லையடா' என்று அவனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்."