கஞ்சிக்குப் பின்னால் ஒளியும் நோய்

எக்கியார்குப்பம் போன்ற கடற்கரை ஊர்களில் தொண்டையில் ஏதேனும் நின்றால், பழி முதலில் மீன்முள்ளின்மீது விழும். சோற்றை உருட்டி மெல்லாமல் விழுங்கச் சொல்வார்கள். முள் உண்மையிலேயே குத்தியிருந்தால் அது இன்னும் ஆழப் பதியக்கூடும். முள் இல்லையென்றாலும் துன்பம் நீடித்தால், வீட்டார் சோற்றைக் குழைத்துத் தருவர். சில வாரங்களில் அது கஞ்சியாகும். பின்பு வெறும் நீராகாரமாகும். பரிவினால் செய்யும் இம்மாற்றமே நோயை மறைக்கும் திரையாகிவிடுகிறது என்பதே என் கருத்து.

உணவுக்குழாய் ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுள்ள தசைக்குழாய். தசைகள் அலையலையாய்ச் சுருங்கி உணவைக் கீழே தள்ளுகின்றன. இரைப்பையின் வாயிலிலுள்ள வளையத்தசை தளர்ந்து வழிவிடுகிறது. குழாய் குறுகினாலும், தள்ளும் ஆற்றல் குன்றினாலும், வாயில் திறக்க மறுத்தாலும் நோயாளி சொல்வது ஒன்றே: "இறங்கவில்லை." காரணம் வேறு, மருத்துவமும் வேறு.

ஆகவேதான், "முதலில் எது இறங்கவில்லை?" என்று மருத்துவர் கேட்கிறார். முதலில் சோறு, பின்பு கஞ்சி, அதன்பின் தண்ணீர் எனத் தடை வளர்ந்தால் குழாய் குறுகிவருகிறது என்று ஐயுறலாம். அது புற்றுநோயாகவும் இருக்கக்கூடும். தொடக்கத்திலேயே சோறும் தண்ணீரும் ஒருசேர நின்றால் தசை இயக்கக் கோளாறாகலாம். விழுங்கும் கணத்திலேயே இருமலோ, மூக்குவழி நீரோ வந்தால் கோளாறு பெரும்பாலும் தொண்டையிலோ நரம்பிலோ இருக்கும். எல்லாவற்றையும் கஞ்சியாக்கிவிட்ட வீட்டில் இந்த வரிசை மறந்துபோகிறது.

1674ஆம் ஆண்டில் வெளியான நூலொன்றில், தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இத்தகைய நோயாளி ஒருவரைப் பற்றி எழுதினார். திமிங்கலத்தின் வாயிலிருந்து எடுக்கும் வளையும் தன்மையுள்ள தண்டின் நுனியில் கடற்பஞ்சைப் பொருத்தி, உணவை உள்ளே தள்ள வழிசெய்தார். இன்று 'அகலேசியா' எனப்படும் நோயின் முதற்குறிப்பு அதுவே. எக்ஸ்ரே இல்லாத காலத்தில் அவருக்கு வழிகாட்டியது நோயாளியின் சொல்லே.

இன்று எண்டோஸ்கோபி உள்ளது. அதில் ஐயத்துக்குரிய இடம் தென்பட்டால் சிறு திசுவை எடுத்துச் சோதிப்பர். "தசை எடுத்தால் புற்று பரவும்" என்ற அச்சத்தால் அதை மறுக்க வேண்டா. எண்டோஸ்கோபி இயல்பு என்று வந்தபின்னும் உணவு நின்றால், அத்துடன் அமைந்துவிடவும் வேண்டா. பேரியம் குடித்து எடுக்கும் எக்ஸ்ரேயும், குழாயின் அழுத்தத்தை அளக்கும் மேனோமெட்ரியும், எண்டோஸ்கோபியில் புலப்படாத இயக்கக் கோளாற்றைக் காட்டக்கூடும்.

கடலுக்கோ உப்பளத்துக்கோ போகாத ஒரு நாளின் கூலி பெரிது என்பதை அறிவேன். ஆயினும், குறுகலைத் தொடக்கத்தில் காண்பதற்கும் தண்ணீரும் இறங்காத நிலையில் காண்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு, சில வேளைகளில் ஓர் உயிர். உடல் மெலிந்தாலோ, இரத்த வாந்தி வந்தாலோ, மலம் கறுத்தாலோ காத்திருக்காதீர்கள். உமிழ்நீரும் இறங்காவிட்டால் அன்றே அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.

கஞ்சி காய்ச்சுங்கள், பசித்தவருக்கு அது வேண்டும். ஆனால், சோறு எந்த நாளில் நின்றது என்பதை முதலில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். மருத்துவரிடம் வரும்போது அந்தத் தாளையும் கொண்டுவாருங்கள்.